பிறரை நியாயந்தீர்ப்பது பற்றி: ஓய்வுபெற்ற போதகரிடம் கேள்வி பதில்

சபைகளில் 32 வருஷம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடுவில் ஆறு வருஷம் புதிய ஏற்பாடு சொல்லிக்கொடுத்தேன். “மற்றவர்களை நியாயந்தீர்ப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்” என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: யாருடைய பெயரையும் ஊரையும் எழுதாதீர்கள். அந்த ஆள் இங்கே வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது.

கல்லூரி மாணவர்: மத்தேயு 7:1-இல் இயேசு “தீர்க்காதிருங்கள்” என்கிறார். அப்படியானால் தப்பைத் தப்பு என்று சொல்லவே கூடாதா?

தம்பி, அந்த வசனத்தோடு நிறுத்தாமல் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். ஐந்தாம் வசனத்தில், முதலில் உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்க வழி தெரியும் என்கிறார். துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. பதினைந்தாம் வசனத்தில் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள், கனிகளால் அவர்களை அறிவீர்கள் என்கிறார். கனியைப் பார்த்து முடிவு செய்வதும் ஒரு தீர்ப்புதானே? யோவான் 7:24 இன்னும் நேராகவே சொல்கிறது: “தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்.”

அவர் தடுப்பது ஒன்றை. ஒரு செயலைப் பார்த்துவிட்டு, அந்த மனிதனின் உள்ளம் முழுவதையும் அளந்துவிட்டதாக நினைத்து, இவன் இவ்வளவுதான் என்று கணக்கை முடித்துவிடுவது. செயலைப் பார்க்க நமக்குக் கண் இருக்கிறது. உள்ளத்தைப் பார்க்க இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உத்திரம் என்பது வீட்டுக் கூரையைத் தாங்கும் மரம். அது கண்ணில் இருக்கிற ஆள் கிட்டே வந்தாலே அடுத்தவன் முகத்தில் இடிக்கும். அதனால்தான் முதலில் அதை எடுக்கச் சொல்கிறார்.

ஒரு சகோதரி: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு மன்னித்துவிட்டார். பாவத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை அம்மா. “இனிப் பாவஞ்செய்யாதே” என்றுதான் அனுப்புகிறார். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். லேவியராகமம் 20:10 ஆணும் பெண்ணும் இருவருமே தண்டிக்கப்பட வேண்டும் என்கிறது. கையும் களவுமாகப் பிடித்தோம் என்கிறார்கள். அந்த ஆண் எங்கே? உபாகமம் 17:7-இன்படி சாட்சி சொன்னவன் கைதான் முதலில் கல்லெறிய வேண்டும். “பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன்” என்று இயேசு சொன்னபோது அந்தச் சட்டம் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அது நியாயமே இல்லாத விசாரணை. அதைத்தான் அவர் முதலில் கலைத்தார்.

மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை என்பதும் உண்மை. கேட்பவர்களிடம் நான் அதை மறைப்பதில்லை. ஆனால் இந்தச் சம்பவம் வரும் யோவான் சுவிசேஷத்திலேயே ஏழாம் அதிகாரத்தில் நிக்கொதேமு கேட்கும் கேள்வி எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது: ஒரு மனிதன் சொல்வதைக் கேட்காமல் அவனைத் தண்டிக்க நம் நியாயப்பிரமாணம் இடங்கொடுக்கிறதா?

நகை போடுகிற, பூ வைக்கிற சகோதரிகளை எப்படி எடுத்துக்கொள்வது?

ரோமர் 14 முழுவதும் வாசியுங்கள். அடுத்தவருடைய வேலைக்காரனைத் தீர்க்க நீ யார் என்று பவுல் கேட்கிறார். போடாதவர் போடுகிறவரைத் தீர்க்க வேண்டாம், போடுகிறவர் போடாதவரை அற்பமாக எண்ண வேண்டாம்.

எங்கள் சபைப் பொருளாளர் பணத்தில் கைவைத்துவிட்டதாகப் பேச்சு. உடனே நீக்க வேண்டும் என்கிறோம். சரிதானே?

“பேச்சு” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீதிமொழிகள் 18:17-ஐ எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்: வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போலத்தான் தெரிவான், அயலான் வந்து பரிசோதிக்கும் வரைக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

உபாகமம் 19:15 ஒரே சாட்சியை வைத்து யாரையும் குற்றவாளியாக்க விடாது. பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு, அவன் மற்றவனுக்கு நினைத்த தண்டனையையே கொடுக்கச் சொல்கிறது அடுத்த பகுதி. அவ்வளவு கவனம். அதனால் கணக்குப் புத்தகம், ரசீது, வங்கி ஏடு எல்லாவற்றையும் சபைக்கு வெளியே இருக்கும் தணிக்கையாளர் ஒருவரிடம் கொடுங்கள். முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து விலகியிருக்கட்டும். அது தண்டனை அல்ல என்பதைச் சபையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரை உட்காரவைத்து, கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து, பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தப்பில்லை என்று தெரிந்தால், எந்த இடத்தில் சந்தேகப்பட்டீர்களோ அதே இடத்தில் நின்று அதைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்த சபைகளை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

காணிக்கைப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது என்று மற்றவர்களையும் சேர்த்தே அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8). உங்கள் பொருளாளரோடு எண்ணுவதற்கு இன்னும் இரண்டு பேர் இருந்தார்களா?

நியாயந்தீர்க்கவே கூடாது என்றுதானே இயேசு சொன்னார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஓர் ஆசிரியை: என் மாணவனின் அண்ணன் தற்கொலை செய்துகொண்டான். சபையில் மணி அடிக்கவில்லை, ஆராதனையும் நடத்தவில்லை. “அவன் நரகத்துக்குப் போய்விட்டான்” என்று அந்தப் பையன் காதுபடவே பேசுகிறார்கள். நான் அவனுக்கு என்ன சொல்வது?

அம்மா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நான் போதகராகி மூன்றாவது வருஷம். தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். 19 வயதுப் பையன் ஒருவன் அப்படி இறந்துபோனான். கமிட்டி கூடி, மணி கிடையாது, ஆராதனை கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம் அடக்கம் என்று முடிவு செய்தது. நானும் தலையாட்டினேன். அங்கி போடாமல் போய்ப் பரமண்டல ஜெபம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவன் அம்மா, அவனுடைய திடப்படுத்தல் ஆராதனையில் சபை அவனுக்குக் கொடுத்த வேதாகமத்தை மஞ்சள் பையில் வைத்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். “ஐயா, என் பிள்ளைக்கு மணி அடிக்க மாட்டீங்களா?” என்று ஒரு தடவைதான் கேட்டார்.

மூன்று மாதம் கழித்து அந்த வேதாகமத்தைக் காட்டினார். உள்ளே ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு. பல வாரமாகத் தூக்கமில்லை என்று சொல்லித் தனியாகப் போய் மருந்து வாங்கியிருக்கிறான். என்னிடமும் இரண்டு தடவை வந்தான். “நல்லா ஜெபம் பண்ணு தம்பி” என்று சொல்லி அனுப்பியவன் நான். அவன் செய்ததை வைத்து நாங்கள் தீர்ப்புச் சொன்னோம். அவன் பட்டது எங்கள் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

வேதம் என்ன சொல்கிறது? சவுல் ராஜா தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்தான். யாபேஸ் கீலேயாத்தார் இரவெல்லாம் நடந்துபோய் அவன் உடலை எடுத்துவந்து, எலும்புகளை அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். அதற்காகத் தாவீது அவர்களை ஆசீர்வதிக்கிறான். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்ட அகித்தோப்பேலைத் தகப்பன் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். அடக்கத்தை மறு என்று ஒரு வசனம்கூடக் கிடையாது. மறுக்கும் வழக்கம் பிற்பாடு வந்தது. 1662ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகம், தன் உயிரைத் தானே எடுத்தவர்களுக்கு அடக்க ஆராதனை கூடாது என்று குறிப்பு எழுதியது. நம் பக்கம் வந்த ஆங்கிலிக்கன் மிஷனெரிகளின் கையில் இருந்தது அந்தப் புத்தகம்தான். கத்தோலிக்கருடைய 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் தடை இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டுச் சட்டமே மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அரசாங்கம் கொடுக்கிற அந்த இடத்தைச் சபை கொடுக்கக் கூடாதா?

அந்தப் பையனிடம் போய், “உன் அண்ணன் எங்கே போனான் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் அதிகாரமில்லை. ஆண்டவர் அவனை நம்மைவிட நன்றாக அறிந்தவர்” என்று சொல்லுங்கள். அப்புறம் அவனைப் பேசவிடுங்கள். அவனுக்கும் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வருகிறது என்றால் தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சபை மூப்பர் ஒருவர்: ஐயா, மன்னிக்கவும். மணி அடித்து மரியாதை செய்தால் மற்றப் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுத்த மாதிரி ஆகாதா?

உங்கள் பயம் நியாயமானது. என் கமிட்டியும் இதைத்தான் சொன்னது. ஆனால் அந்த வேதனையில் இருக்கிறவன் மணியைப் பற்றியா யோசிப்பான்? அடக்கத்தை மறுக்கும்போது உள்ளே இதே எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் அடுத்த பிள்ளை, இதை இங்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் கற்றுக்கொள்கிறது. ஆராதனை நடத்துங்கள். பிரசங்கத்தில் எப்படி இறந்தான் என்று விவரிக்காதீர்கள், “நிம்மதியாகிவிட்டான்” என்றும் சொல்லாதீர்கள். யாரிடம் போய்ப் பேசலாம் என்பதைச் சொல்லுங்கள்.

அதே மூப்பர்: கொலை பாவம். மனந்திரும்ப அவனுக்கு நேரமே இல்லையே?

நேற்றுச் சகோதரனோடு சண்டைபோட்டுவிட்டு, இன்று பஸ் மோதிச் செத்தவனுக்கும் நேரம் இல்லை. அவனுக்கு மணி அடித்தீர்களே? கடைசி நிமிஷ அறிக்கையில்தான் இரட்சிப்பு தொங்குகிறது என்றால் நம்மில் யார் நிற்போம்? மரணமோ ஜீவனோ தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8-இல் பவுல் எழுதுகிறார்.

இன்னொருவர்: அப்போ இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் உயிரையும் எடுத்துக்கொண்ட யூதாஸ்? அவன் கெட்டழிந்தவன் என்றுதானே இருக்கிறது?

“பிறவாதிருந்தால் நலமாயிருக்கும்” என்று இயேசு சொன்னது மத்தேயு 26:24-இல். பேசப்படுவது காட்டிக்கொடுத்தது பற்றி. யூதாஸ் அப்போது உயிரோடு இருந்தான். அவன் இறந்த விதத்துக்கு வந்த தீர்ப்பாக அதை எடுத்து, தூக்கமில்லாமல் தவித்த ஒரு 19 வயதுப் பையன்மேல் வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இதே விஷயத்தில் இன்னும் ஒன்பது கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாம் மேலே சொன்னதற்குள் அடங்கும். மூப்பர் ஐயா, நாம் போனில் பேசுவோம்.

ஜெபக் குழுவில் ஒரு குடும்பத்தின் பிரச்சினையை விவரமாகச் சொன்னால்தானே பாரத்தோடு ஜெபிக்க முடியும்?

முடியாது. “அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்” போதும். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் போகும் கோள், சாதாரணக் கோளைவிட வேகமாகப் போகும், ஏனென்றால் யாரும் அதைத் தடுக்கமாட்டார்கள். கோள் சொல்லித் திரியாதே என்கிறது லேவியராகமம் 19:16.

ஊழியர் ஒருவர் ஒரு சிறுமியிடம் தவறாக நடந்தார். “நியாயந்தீர்க்காதே, அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்கிறார்கள்.

இப்போதே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், அல்லது காவல் நிலையத்துக்குப் போங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். சபைக் கமிட்டி விசாரிக்கிற காரியம் இல்லை இது. பிள்ளையை உட்காரவைத்து யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. அந்த வசனத்தை இதற்கு இழுப்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், போங்கள்.

கடைசி நியாயத்தீர்ப்பு எந்த வருஷம் வரும்?

அந்த நாளை ஒருவனும் அறியான் என்று இயேசுவே சொல்லிவிட்டார்.

பாவத்தில் விழுந்த நண்பனிடம் எப்படிப் பேசுவது? பேசினால் தீர்க்கிறாய் என்கிறான்.

நல்ல கேள்வி. கலாத்தியர் 6:1, சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் “கதார்திசோ”. மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்க்கிறார்களே, அங்கேயும் அதே சொல்தான். கடற்கரை ஊரில் இருந்தபோது வலை தைப்பவர்கள் பக்கத்தில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். வலையின் ஓரத்தைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த இடத்தைச் சுற்றிப் பிசிறுகளை முதலில் அறுத்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு கண்ணியாக முடிச்சுப் போடுவார்கள். ஒரு கை அகலக் கிழிசலுக்கு அரை மணி நேரம் ஆகும். கிழிந்த வலையைத் திட்டிக்கொண்டு தைக்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அதனால் தனியாகப் போங்கள் (மத்தேயு 18:15). முதலில் கேளுங்கள். ஒரு தரப்பைக் கேட்டு முடிவுக்கு வராதீர்கள் என்பது நண்பன் விஷயத்திலும் பொருந்தும். ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளைப் பார்த்துக் குடிகாரி என்று ஏலி நினைத்தான். அவள் பதில் சொன்னதும் கேட்டான், கேட்டு மாறினான், சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்தான். அந்த வயதிலும் பொறுப்பிலும் இருந்த ஓர் ஆசாரியன் தன் தீர்ப்பை அங்கேயே மாற்றிக்கொண்டதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

தீர்க்கலாமா கூடாதா, ஒரே வரியில் சொல்லுங்கள் ஐயா.

ஒரே வரியில் முடியாது. முதல் பதிலைத் தயவுசெய்து வாசியுங்கள்.

நாளைக் காலை எங்கள் தெருவில் ஓர் அடக்கம். நீங்கள் மேலே சொன்ன மாதிரிச் சாவுதான். சபை ஐயர் (போதகர்) வரமாட்டார் என்கிறார்கள். எனக்குப் பதவி எதுவும் இல்லை. நான் போகலாமா?

போங்கள். யாபேஸ் கீலேயாத்தாரும் ஆசாரியர்கள் இல்லை. சீக்கிரமே போய்விடுங்கள், கல்லறை வரைக்கும் கூடவே நடங்கள். “ஏன் இப்படிச் செய்தான்” என்று கேட்காதீர்கள், யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். அந்த அம்மாவுக்குக் காபி வாங்கிக்கொடுங்கள், நேற்றிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டார். கூட்டம் எல்லாம் போன பிறகு, அடுத்த வாரமும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். உங்கள் ஐயருடைய எண் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், இன்றிரவே அவரோடு பேசுகிறேன்.