"சுர்ருன்னு இழுக்குது, பரவாயில்லையா?" – மின்சார வேலை தெரியாதவர்களின் கேள்விகள்

தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் வேலை. மழை நாட்களில் ரோலரில் கை பட்டால் சுர்ரென்று இழுக்கிறது. ஈரத்துக்கு அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா ஐயா? (மஸ்கெலியா)

இல்லை தம்பி. ஈரம் கரண்டை உண்டாக்காது. ஏற்கெனவே கசிகிற கரண்டை உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்கு இறக்கிவிடும். மோட்டாருக்குள் வயரின் உறை பழுதாகி, கசிவை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரும் விட்டுப்போயிருந்தால் ரோலரின் இரும்பு முழுக்கக் கரண்ட் நிற்கும்.

நான் வேலை பார்த்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தரை கழுவும் அக்கா ஒருவர் மூன்று நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ரோலரில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் காலில் ரப்பர் செருப்பு. அக்கா வெறுங்காலோடு, தண்ணீர் நின்ற சிமெந்துத் தரையில். கடைசியில் குனிந்து பார்த்தேன். மோட்டார் மாற்றியபோது கழற்றிய எர்த் வயரை யாரும் திரும்பப் பூட்டவில்லை. கொழுந்துச் சாறு காய்ந்து கறுத்த அதன் நுனி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன முதல் நாளே நான் போயிருக்க வேண்டும். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அந்த ரோலரை மெயினில் நிறுத்தச் சொல்லுங்கள். தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் உடனே சொல்லுங்கள். எர்த்தைச் சோதிக்காமல் திரும்ப ஓட்டக்கூடாது. "இன்னும் இழுக்குதா" என்று தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ரோலரைத் துடைக்கும்போது நிறுத்தும் பட்டனை அமுக்கினால் போதாதா?

போதாது. பட்டனை இன்னொருவர் திரும்ப அமுக்கிவிடலாம். மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, துடைப்பவரே சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹட்டனில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மழை வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்கிறார் நண்பர்.

தயவுசெய்து செய்யாதீர்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அந்தச் சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி அம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். 100 வாட் பல்பு ஒன்று எரிய 400 மில்லி அம்பியருக்கு மேல் வேண்டும். ஆனால் பிடித்த கையை விடமுடியாமல் போக 10 மில்லி அம்பியரே போதும். அதற்கு மேலே ஏற ஏற இதயத் துடிப்பே குழம்பும்.

எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு சுவிட்சைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. பெரும்பாலும் கேத்தலாகவோ ஹீட்டராகவோ இருக்கும். ஒன்றும் செருகாமலே விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவிட்சில் உள்ள சின்ன டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

தையல் கடை ஐயன் பொக்ஸின் பிளக் உடைந்துவிட்டது. இரண்டு வயரையும் துளையில் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்கி வைத்திருக்கிறோம். (பண்டாரவளை)

இன்றே நிறுத்துங்கள் தங்கச்சி. வயர் நழுவினால் 230 வோல்ட் மேசை மேல் கிடக்கும், பக்கத்திலேயே துணி. அதோடு எர்த் இல்லாத இரும்பைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, மூன்று வயரும் சேர்த்துப் பூட்டி வாங்குங்கள்.

பக்கத்தில் ஒருவருக்குக் கரண்ட் பிடித்துவிட்டால்?

முதலில் அவரைத் தொடாதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே எல்லோரும் போய்ப் பார்த்துவையுங்கள். இறக்கவே முடியாவிட்டால் காய்ந்த தும்புத்தடிக் கம்பாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ தள்ளிவிடலாம்; கடை, வீட்டுக் கரண்டுக்கு மட்டும்தான் இது. 1990 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதயம் தடுமாறுவது வெளியே தெரியாது.

மரம் வெட்டும்போது கிளை கரண்ட் லைன் மேல் விழுந்துவிட்டது. கம்பால் இழுக்கலாமா?

கூடவே கூடாது. மலையில் போகிற லைன் 33,000 வோல்ட்டாக இருக்கலாம். அதற்குக் கம்பு, செருப்பு, கையுறை எதுவும் தடையில்லை. ஈர மண்ணிலும் கரண்ட் பரவும். 10 மீட்டருக்கு மேல் விலகி நில்லுங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் காலை அகட்டி வைக்காமல், இரண்டு பாதமும் ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள். மின்சார சபையின் 1987 எண்ணுக்கு அழையுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளும் மாடுகளும் அந்தப் பக்கம் போகாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும்.