உகாண்டாவுக்குப் பத்து நாள்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். ஜூலையில் எங்கள் சபையிலிருந்து 12 பேர் பத்து நாள் மிஷன் பயணமாக உகாண்டா போகிறோம். ஜிஞ்ஜா அருகே ஒரு சிறிய சபை எங்களை வரவேற்கிறது. மருத்துவ முகாம் இரண்டு நாள், விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) மூன்று நாள், அனாதை இல்லம் ஒரு நாள், பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட், ஞாயிறு ஆராதனை என்று திட்டம். குழுவில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு அக்கவுண்டன்ட் இருக்கிறார்கள்; மற்றவர்கள் ஐ.டி.யிலும் கல்லூரியிலும் இருப்பவர்கள். மாத்திரைகள் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இந்த வாரம் டிக்கெட் போடலாம் என்றிருக்கிறோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரருக்கு,

டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் பாஸ்போர்ட், அடுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசி, அதற்குப் பிறகு விசா, கடைசியில்தான் டிக்கெட். ஊசி அட்டையில் பாஸ்போர்ட் எண் எழுதப்படும். யாருடைய பாஸ்போர்ட்டாவது புதுப்பிக்க வேண்டியிருந்தால் அது கைக்கு வந்த பிறகே ஊசிக்குப் போகட்டும். ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். உகாண்டாவுக்கு இணையத்தில் விசா விண்ணப்பிக்கும்போது அந்த மஞ்சள் அட்டையின் நகலையும் கேட்பார்கள்.

ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். பெங்களூரில் சேஷாத்ரி சாலையில் உள்ள பொது சுகாதார நிறுவனம் அப்படிப்பட்ட இடம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016-இல் வந்த விதிப்படி ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி இது. கர்ப்பிணிகள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் போட முடியாது. அறுபது தாண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். ஆசிரியை அம்மாவின் விஷயத்தை இன்றைக்கே பாருங்கள். டிக்கெட் போட்டபின் தெரிந்தால் அவருக்கு மனக்கஷ்டம்.

விசாவில் இன்னொன்று. சுற்றுலா விசாவில் போய் ஊழியமும் முகாமும் நடத்தலாமா என்பதை அழைக்கும் சபை அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுச் சொல்லட்டும். "எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்ற பேச்சை நம்பி 12 பேரைக் கூட்டிப் போகாதீர்கள்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். வேதாகமத்தில், எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டப் போன நெகேமியா, அங்கே போய்ச் சேர்ந்து மூன்று நாள் கழித்து, ராத்திரியில் எழுந்து இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். செய்ய நினைத்ததை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களோ ஊரைப் பார்க்குமுன் நாள்வாரியாகத் திட்டம் போட்டுவிட்டீர்கள். உங்களை அழைக்கும் சபையின் போதகர் மறுக்கவும் மாட்டார். நம் கிராமச் சபைகளுக்கு வெளிநாட்டுக் குழு வந்தபோது நம் போதகர்மார் யாராவது "இது வேண்டாம்" என்று சொன்னதுண்டா? விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது! அதனால் பட்டியலை அனுப்பி "சரிதானா" என்று கேட்காமல், "வாரம் முழுக்க நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள், அதில் எங்கே கை குறைகிறது" என்று கேளுங்கள். நீங்கள் கிளம்பிய மறுநாள் அங்கே ஒருவர் தொடரக்கூடிய வேலையைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த அளவுகோலில் மருத்துவ முகாம் நிற்காது. வெளிநாட்டு நர்ஸ் அங்கே நோயாளியைத் தொட, அந்நாட்டு நர்ஸ்கள் கவுன்சிலின் தற்காலிக அனுமதி வேண்டும். மருந்தை உள்ளே கொண்டுபோக தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வீடு வீடாகச் சேர்த்த மிச்ச மாத்திரையும் டாக்டர் கொடுத்த சாம்பிளும் தானத்துக்கு ஆகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. சேர்த்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூச்சி மாத்திரை என்ன செய்யும், அதையாவது கொடுக்கலாமே என்று தோன்றும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை, ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் அதில் பாதி, கேட்க எளிதுதான். ஆனால் உகாண்டா அரசே ஏப்ரலிலும் அக்டோபரிலும் குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தும் வைட்டமின் ஏ-யும் கொடுக்கிறது. எந்தக் குழந்தை எப்போது வாங்கியது என்ற கணக்கு சுகாதார நிலையத்தில் இருக்கும், உங்களிடம் இருக்காது. அழுகிற சின்னக் குழந்தையின் வாயில் முழு மாத்திரையைத் திணித்தால் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். நசுக்கித் தண்ணீரில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். இது அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களுக்குத் தெரியும். அதே ஜிஞ்ஜாவில் மருத்துவப் பயிற்சி இல்லாத அமெரிக்கப் பெண் ஒருவர் ஊட்டச்சத்து மையம் நடத்தியதில் பிள்ளைகளை இழந்த தாய்மார் 2019-இல் வழக்குப் போட்டார்கள். மறு வருடம் சமரசத்தில் முடிந்தது. அந்த ஊர் அதை மறந்திருக்காது.

கையில் மருந்தே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று வாசிப்புக் கண்ணாடி. உள்ளூர் மருத்துவமனையின் கண் பிரிவு சம்மதித்து உடன் வந்தால் மட்டும் செய்யுங்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு முதலில் தூரப் பார்வையைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் எழுத்து அட்டையை 40 சென்டிமீட்டரில் பிடித்து +1.00 பவரிலிருந்து அரை அரையாக ஏற்றி +3.00 வரை மாட்டிப் பாருங்கள். தெளிவாகத் தெரிகிற மிகக் குறைந்த பவரே சரியானது. பவர் கூடினால் எழுத்து பெரிதாகத் தெரியும், மக்கள் அதையே விரும்பிக் கேட்பார்கள். ஆனால் முகத்தருகே பிடித்தால்தான் தெளியும், இரண்டு நாளில் தலைவலி என்று கழற்றி வைத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஊசியும் நூலும் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு தட்டுப் பயறைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்லுங்கள். கண்மணி வெளுத்திருந்தாலோ எந்தப் பவரிலும் தெரியாவிட்டாலோ கண்ணாடி கொடுக்காமல் கண் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

அனாதை இல்லத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உண்டு. பார்வையாளரும் காணிக்கையும் வர வர, ஏழை வீட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையும் கூடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, அனாதை இல்லங்களுக்குத் தன்னார்வலர் போவதால் வரும் கேட்டைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஒரு நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு மறுநாள் மறைந்துபோகிறவர்களை அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பார்க்கிறார்கள். அவர்களோடு படம் எடுத்து சபை வாட்ஸ்ஆப்பில் போடவே போடாதீர்கள்.

பெயிண்ட் அடிக்க ஜிஞ்ஜாவில் ஆள் உண்டு. கூலி அவருக்குப் போகட்டும்.

விபிஎஸ்-ஐ ஆசிரியை கையில் விடுங்கள், ஆனால் பிள்ளைகளுக்கு அல்ல. முதல் இரண்டு நாள் அங்குள்ள ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி கொடுக்கட்டும். மூன்றாம் நாள் அவர்கள் நடத்துவார்கள், உங்கள் வாலிபர்கள் பாய் விரித்து, படம் ஒட்டி, தண்ணீர் எடுத்துத் தருவார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எட்டாது. அந்தப் பகுதிப் பேச்சு லுசோகா, லுகாண்டாவும் புரியும். லுகாண்டாவில் நம்மைப்போலவே மரியாதைக்குப் பன்மை உண்டு. தோழனிடம் "ஒலி ஒட்யா", பெரியவரிடம் "முலி முட்யா". நன்றிக்கு "வெபாலே". ஞாயிறு செய்தி அரை மணி என்றால் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் தயாரியுங்கள், மீதி மொழிபெயர்ப்பாளருடையது. அக்கவுண்டன்ட், அந்தச் சபைப் பொருளாளர் விரும்பினால், ரொக்கப் புத்தகத்தை அவரோடு உட்கார்ந்து ஒழுங்கு செய்யலாம். ஆசிரியர் பயிற்சியும் கணக்கும்தான் உங்கள் குழுவின் பலம் என்று நினைக்கிறேன்.

சபை டிரஸ்ட் பணத்தை அங்கே செலவழிப்பதற்குமுன் ஆடிட்டரைக் கேளுங்கள். இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு, வருமானவரி வாரியத்தின் தனி அனுமதி இல்லாவிட்டால், டிரஸ்டின் வரிவிலக்கு கிடைக்காது. கையில் கொண்டுபோகும் டாலர் புதிய, கசங்காத நூறு டாலர் நோட்டாக இருக்கட்டும். பழைய அச்சுக்கும் சின்ன நோட்டுக்கும் அங்கே விலை குறைவு, சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.

நைல் புறப்படும் இடம் ஜிஞ்ஜா. இறங்கிக் குளிக்க ஆசை வரும். விக்டோரியா ஏரியிலும் அந்த ஆற்றிலும் நத்தையிலிருந்து வரும் ஒரு புழு தோலைத் துளைத்து உள்ளே போகும், சில நிமிடமே போதும். ஞானஸ்நானம் கொடுப்பதானாலும் தொட்டித் தண்ணீரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மலேரியா. அது வராமல் தடுக்க மருத்துவர் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதினால், தினம் 100 மில்லிகிராம், கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பிருந்து. சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் விமான நிலையத்தோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், தவறு அங்கேதான் நடக்கிறது. ஜூலை 20 அன்று உகாண்டாவை விட்டால், நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் கடைசி மாத்திரை. அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பெங்களூர் டாக்டர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். "உகாண்டா போய் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். 12 பேரும் வீட்டில் இருப்பவர்களிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.