குளுக்கோஸ் தண்ணி குடிச்சா கை வந்துருமா?

கேள்வி: அக்கா வணக்கம்ங்க. நாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம், வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசு பட்டறையில வேலை. ஏற்காட்டுல இருந்து எறங்கும்போது கொண்டை ஊசி வளைவுல பைக் சறுக்கி, தலையில இடது பக்கம் அடி. ஆபரேஷன் பண்ணி 7 வாரம் ஆச்சுங்க. பேசுறாரு, நடக்குறாரு, வலது கைதான் வரல, விரல் லேசா அசையுது. கை காலை அசைக்கிற மூளைப் பகுதி, மோட்டார் கார்டெக்ஸ்ல அடின்னு சொன்னாங்க. செத்த செல்லு திரும்பாதுங்கறாங்களே, அப்ப கை வரவே வராதுங்களா? மூளைக்கு சர்க்கரைதான் சாப்பாடுன்னு மாமியார் தினம் ரெண்டு வேளை குளுக்கோஸ் தண்ணி குடுக்குறாங்க, அவருக்கு சுகர் வேற இருக்கு. குடுக்கலாமுங்களா?

பதில்: தங்கச்சி, அந்த குளுக்கோஸ் தண்ணிய இன்னைக்கே நிறுத்திருங்க. மாமியார் பாசத்துலதான் குடுக்குறாங்க, சொன்னதுலயும் பாதி சரி. உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா நாம செலவு பண்ற சக்தியில சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது, அதுக்கு முக்கியமான தீனி குளுக்கோஸ்தான். ஆனா சுகர் இருக்குறவருக்கு ரத்தத்துல சர்க்கரை ஏற ஏற அடிபட்ட மூளைக்குக் கெடுதல்தான் அதிகம். திடீர்னு வேர்த்து, நடுங்கி, சுகர் எறங்கிருந்தா அப்ப குடுங்க, அது வேற விஷயம். இவருக்கு ரத்தத்துல சர்க்கரைக்குப் பஞ்சமே இல்ல, மூளையில சில இடம் அதை எடுத்துச் செலவு பண்ணாம கெடக்கு, சிக்கல் அங்கதான்.

உங்க பட்டறையிலயே பாருங்க, கம்பி இழுக்குறவரு ஒரு நாள் வரலைன்னா கண்ணி கோக்குறவங்க எல்லாம் சும்மா உக்காந்திருப்பாங்க. அவங்க கைக்கு ஒண்ணும் ஆகல, வேலை வந்து சேரல அவ்வளவுதான். மூளையிலயும் இப்படித்தான், அடிபட்ட எடத்துல செல்லு செத்துருது, அது திரும்பாதுங்கறது உண்மை, ஆனா அதோட கம்பி போட்ட மாதிரி சேந்திருந்த தூரத்து எடங்களும் அடியே படாம அடங்கிப் போயிருது. 1914-லயே வான் மொனாக்கோவ்னு ஒரு டாக்டர் இதுக்கு டயாஸ்கிசிஸ்னு பேரு வெச்சாரு. பின்னாடி மூளையில எங்க எவ்வளவு குளுக்கோஸ் செலவாகுதுன்னு காட்டுற பெட் ஸ்கேன் வந்தப்புறம் கண்ணாலயே பாத்தாங்க, மூளையோட மேல்பரப்பான கார்டெக்ஸ்ல இடது பக்கம் அடின்னா பின்னந்தலையில இருக்குற சிறுமூளையோட வலது பக்கம் மங்கலாத் தெரியும், அங்க குளுக்கோஸ் செலவு கொறஞ்சிருக்கும். இன்னைக்கு அசையாத கைக்குப் பின்னாடி செத்த செல்லு மட்டும் இல்ல, வேலை வராம உக்காந்திருக்குற செல்லும் இருக்கு. நான் நம்பிக்கை வைக்கிறது இதுங்க மேலதான்.

இதுங்களை எழுப்புறது எது? 1982-ல ஃபீனின்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் மோட்டார் கார்டெக்ஸ்ல அடிபட்ட எலிகளுக்கு மூளையைத் தூண்டுற ஆம்ஃபெட்டமின்ங்கற மருந்தை ஒரே ஒரு டோஸ் குடுத்து குறுகலான கட்டை மேல நடக்க விட்டாங்க, சீக்கிரம் தேறிருச்சு. அதே மருந்தைக் குடுத்துட்டு நடக்க விடாம அடைச்சு வெச்சதுக்குப் பலனே இல்ல! மனநோய்க்குக் குடுக்குற ஹாலோபெரிடால்ங்கற மருந்தைக் குடுத்த எலி இன்னும் லேட்டாத் தேறுச்சு. மனுசங்களுக்கு ஆம்ஃபெட்டமின் அப்படி உறுதியா உதவல, அதனால அது பக்கமே போகாதீங்க. ஹாலோபெரிடால் மாதிரி சில மருந்து தேறுறதைத் தாமதிக்கலாம், அதனால ராத்திரி தூங்கலைன்னு மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கியும் போடாதீங்க, டாக்டர் எழுதுன வலிப்பு மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது.

1996-ல நூடோ குழு குரங்குகளை வெச்சுப் பாத்தது எனக்கு இன்னும் பிடிக்கும். கையை ஆட்டுற எடத்துல சின்னதா சேதம், அப்புறம் சின்னச் சின்னக் குழியில இருந்து தீனிய விரலால நோண்டி எடுக்குற பயிற்சி, தினமும் திரும்பத் திரும்ப. பயிற்சி இல்லாத குரங்குகளுக்குத் தப்பிச்ச பகுதியிலயும் கைக்கான எடம் சுருங்கிருச்சு, பயிற்சி எடுத்ததுக்கு அது நின்னுச்சு, சிலதுக்கு முழங்கை, தோள்பட்டையோட எடத்துக்குள்ள கூட பரவிருச்சு.

உங்க வீட்டுலதான் கொலுசு முத்து இருக்குமே, ஒரு கிண்ணத்துல கொஞ்சம் போட்டு அவரு முன்னாடி வைங்க. முதல்ல பெரிய சலங்கை, வந்தா அப்புறம் சின்னது. பாதி விரல் வந்தாலும் சரி, நழுவி விழுந்தாலும் சரி, நீங்க எடுத்துக் குடுத்துராதீங்க (இதுதான் வீட்டுக்காரங்களுக்கு ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும்). எல்லாரும் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லுவாங்க, ஆனா விரல் மடங்குறது பெரும்பாலும் முதல்ல வந்துரும், விரிக்கிறதுதான் வராது, அதனால எடுத்த முத்தை விடுறதையும் பழக்குங்க. எந்திரிக்க வைக்கும்போது அந்தக் கையைப் புடிச்சு இழுக்காதீங்க, தோள் எறங்கிரும்.

நல்ல கைக்கு உறை மாட்டி வராத கையாலயே வேலை செய்ய வைக்கிற முறையும் இருக்கு, டாப்னு ஒருத்தர் கொண்டு வந்தது. 2006-ல வந்த ஆய்வுல பக்கவாதம் வந்து 3-ல இருந்து 9 மாசம் ஆன 222 பேரை எடுத்தாங்க, 2 வாரம் பண்ணவங்களுக்கு கை நல்லாவே முன்னேறுச்சு. ஆனா மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாச்சும் தூக்க வரணும், ஆரம்ப வாரங்கள்ல முரட்டுத்தனமாப் பண்ணக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் பாத்து சொல்லட்டும், நீங்களா உறை மாட்டாதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு பக்கவாதம் வந்து 2 வருஷம் ஆகுதுங்க. 6 மாசத்துக்கு மேல ஒண்ணும் வராதாமே? ஏற்காடு மேல இருக்கோம், அடிக்கடி சேலம் கூட்டிட்டுப் போக முடியல.

பதில்: வேகமா வர்றது முதல் 3 மாசம், அதுக்கப்புறம் மெதுவா, ஆனா கதவு சாத்திரல. எஸ்டேட்ல காபிப் பழம் பறிச்ச கைன்னா அந்தப் பழத்தையே ஒரு தட்டுல போட்டுப் பொறுக்க விடுங்க. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மா பேரைப் பதிஞ்சு வைங்க.