கொதிக்கும் காலனியைக் குளிர்விப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலைப் பகுதியிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘ஆக்சிஜன் நாட் இன்க்லூடட்’ என்ற, காலனி அமைக்கும் கணினி விளையாட்டின் வெப்பப் பிரச்சினையைப் பற்றியவை. கனடாவின் கிளெய் நிறுவனம் 2019 ஜூலையில் முழு வடிவில் வெளியிட்ட இந்த விளையாட்டில், உணவும் பிராணவாயுவும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கப் பார்த்துக்கொண்டவர்களின் காலனிகூட வெப்பத்தால் மெல்ல மெல்ல அழிவதுண்டு. வெப்பநிலை என்பது வேறு, வெப்பம் என்பது வேறு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.179 டிடியு (விளையாட்டின் வெப்ப அலகு) வேண்டும். ஒரு கிராம் கிரானைட்டுக்கு 0.79 டிடியு போதும். திரையில் தெரியும் டிகிரியை மட்டும் பார்க்காமல், எத்தனை டிடியு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்கப் பழகுவதே முதல் வேலை.

கேள்வி (ஏற்காடு வாசகி): பண்ணை அறையின் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டிவிட்டது. மீல்வுட் செடிகள் வளரவில்லை. இரண்டு வீஸ்வர்ட் செடிகளை நட்டும் குறையவில்லையே, ஏன்?

பதில்: மீல்வுட் 10 முதல் 30 டிகிரி வரையிலும், பிரிஸ்டில் பிளாசம் 5 முதல் 30 டிகிரி வரையிலும்தான் வளரும், ஆகவே உங்கள் கவலை நியாயமானது. வீஸ்வர்ட் தன்னைச் சுற்றியுள்ள வாயுவை நொடிக்கு ஒரு கிலோ வீதம் உள்ளிழுத்து 5 டிகிரி குறைத்து வெளியே விடுகிறது. எந்த வாயு என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமையும். பிராணவாயுவில் நட்டால் நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோ டிடியு மட்டுமே போகும். ஹைட்ரஜனில் நட்டால் அதே செடி 12 கிலோ டிடியு நீக்கும். ஒரே ஒரு நிலக்கரி ஜெனரேட்டர் நொடிக்கு 9 கிலோ டிடியு வெளியிடுகிறது என்பதோடு ஒப்பிட்டால், பண்ணைக் காற்றில் நின்ற உங்கள் இரு செடிகளும் ஒரு ஜெனரேட்டருக்கு ஈடுகொடுத்ததோடு சரி என்பது புரியும். செடிகளை ஹைட்ரஜன் நிரப்பிய தனி அறைக்கு மாற்றி, பண்ணைக்குப் போகும் தண்ணீரை அந்த அறை வழியாக, வெப்பத்தை எளிதில் கடத்தும் ரேடியன்ட் குழாயில் கொண்டு செல்லுங்கள். பாஸ்போரைட் உரம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர்களையும் பேட்டரிகளையும் பண்ணையின் சுவரை ஒட்டி வைத்திருந்தால், அவற்றை அப்புறப்படுத்துவதே இவை எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு.

கேள்வி (ஓமலூர் வாசகர்): 95 டிகிரி வெந்நீர் ஊற்று ஒன்று கிடைத்திருக்கிறது. அதை, தண்ணீரைப் பிராணவாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கும் எலக்ட்ரோலைசருக்குக் கொடுக்கும் முன் எவ்வளவு குளிர்விக்க வேண்டும்?

பதில்: சிறிதும் குளிர்விக்க வேண்டாம். எலக்ட்ரோலைசரிலிருந்து வரும் வாயு 70 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் இருக்காது. தண்ணீரை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றினாலும் பிராணவாயு 70 டிகிரியில்தான் வெளிவரும், நீங்கள் செய்த வேலை முழுவதும் வீணாகும். நொடிக்கு ஒரு கிலோ தண்ணீரை 95 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 292 கிலோ டிடியு நீக்க வேண்டும். அந்த ஒரு கிலோவிலிருந்து கிடைக்கும் 888 கிராம் பிராணவாயுவை அதேபோல் 95 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 62 கிலோ டிடியு போதும். தண்ணீரின் தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) அதிகம், வாயுக்களின் தன்வெப்பம் குறைவு. பிரிக்கும் கணத்தில் மிச்ச வெப்பம் காணாமல் போகிறது. ஆகவே வெந்நீரை அப்படியே கொடுத்து, வெளிவரும் பிராணவாயுவைக் குளிர்வியுங்கள். எலக்ட்ரோலைசரைத் தங்கக் கலவைத் தாதுவில் கட்டுங்கள். சாதாரணத் தாதுவில் கட்டினால் 75 டிகிரியில் அது சேதமடையத் தொடங்கும்.

கேள்வி (மேட்டூர் வாசகர்): அனல்மின் நிலையத்துக்கு அருகில் வசிப்பவன் என்பதால் டர்பைன் எனக்குப் புதிதல்ல. ஆனால் விளையாட்டில் நான் கட்டிய ஸ்டீம் டர்பைன் சற்று நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது.

பதில்: நீங்கள் அறிந்த டர்பைனுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. உண்மையான அனல்மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிய நீராவி, கண்டென்சரில் குளிர்நீருக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் தண்ணீராகிறது. அந்த வெப்பம் நீர்நிலைக்கோ காற்றுக்கோ போய்ச் சேருகிறது. விளையாட்டின் டர்பைன் நொடிக்கு 2 கிலோ நீராவியை எடுத்து 95 டிகிரித் தண்ணீராகத் திருப்பித் தருகிறது. இடையில் உள்ள வெப்பத்தின் பெரும்பகுதி உலகிலிருந்தே அழிந்துவிடுகிறது. 200 டிகிரி நீராவியில் அது நொடிக்கு 877 கிலோ டிடியு எடுத்து 850 வாட் மின்சாரம் தரும். காலனியின் வெப்பத்தை நிரந்தரமாக ஒழிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் டர்பைனின் உடல் சூடுதான். எடுக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அதன் உடலிலேயே தங்குகிறது. உடல் 100 டிகிரியைத் தொட்டால் அது ஓடாது. திரவத்தின் வெப்பத்தை எடுத்துத் தன்னைச் சுற்றி வெளியிடும் அக்வாட்யூனர் என்ற இயந்திரத்தை ஸ்டீலால் கட்டி நீராவி அறையில் வைத்து, அது குளிர்வித்த திரவத்தின் குழாயை முதலில் டர்பைனுக்குப் பின்னால் ஓடவிட்டு, அதன் பிறகு காலனிக்குக் கொண்டு செல்லுங்கள். அக்வாட்யூனர் நொடிக்கு 10 கிலோ திரவத்தை 14 டிகிரி குறைக்கும். தண்ணீரானால் அது 585 கிலோ டிடியு. அதற்கு 1200 வாட் செலவாகும். அந்த வெப்பத்திலிருந்து டர்பைன் ஏறத்தாழ 567 வாட்டைத் திருப்பித் தரும். மீதியை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். நீராவி 125 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் டர்பைன் நிற்கும், ஆனால் அது பழுதன்று.

கேள்வி (சேலம் உருக்காலைப் பகுதி வாசகர்): உலோகங்களைச் சுத்திகரிக்கும் மெட்டல் ரிஃபைனரியில் ஸ்டீல் செய்யும்போதெல்லாம் வெளிக்குழாய் உடைகிறது. தண்ணீரைத்தான் குளிரூட்டியாகக் கொடுக்கிறேன்.

பதில்: உங்கள் ஊர் ஆலையில் உருவாவது குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. விளையாட்டின் ஸ்டீலோ 70 கிலோ இரும்பு, 20 கிலோ சுத்திகரித்த கார்பன், 10 கிலோ சுண்ணாம்பு ஆகியவை சேர்ந்த எளிய பண்டம். ஆனால் அதன் உருகுநிலை மிக உயரம் என்பதால், ஒரு தடவைக்கு ரிஃபைனரி எடுத்துக்கொள்ளும் 400 கிலோ தண்ணீரை அது ஏறத்தாழ 56 டிகிரி சூடாக்கிவிடுகிறது. இரும்பு 32 டிகிரியும் தாமிரம் 19 டிகிரியும் மட்டுமே உயர்த்தும். அதனால்தான் அவற்றைச் செய்தபோது குழாய் தாங்கியது. உங்கள் தண்ணீர் 50 டிகிரியில் உள்ளே போனால் 106 டிகிரியில் வெளியே வரும், குழாய்க்குள்ளேயே நீராவியாகும், குழாய் உடையும்.

பெட்ரோலியத்துக்கு மாறுங்கள். அதன் தன்வெப்பம் 1.76 மட்டுமே என்பதால் ஒரு தடவைக்கு 133 டிகிரி ஏறும். ஆனால் 538 டிகிரி வரை அது ஆவியாகாது. அந்தச் சூட்டைப் பிரச்சினையாகக் கருதாதீர்கள். வெளிவரும் பெட்ரோலியத்தை நீராவி அறைக்குள் ரேடியன்ட் குழாயில் சுற்றவிட்டால், டர்பைன் அந்த வெப்பத்தை மின்சாரமாக்கும். பெட்ரோலியமும் மீண்டும் ரிஃபைனரிக்குள் போகும் அளவுக்கு ஆறிவிடும். ஸ்டீல் செய்து முடித்தபோது உங்களுக்கு மின்சாரமும் மிச்சமாகியிருக்கும்.

கேள்வி (அம்மாபேட்டை வாசகர்): எரிமலையிலிருந்து வந்த மாக்மா இறுகிப் பாறையாகிவிட்டது. 1400 டிகிரிப் பாறைத் துண்டுகளைத் தண்ணீர்க் குளத்தில் போட்டுக் குளிர்விக்கலாமா?

பதில்: செய்யாதீர்கள். 20 டிகிரியில் உள்ள 10 டன் தண்ணீரில் ஒரு டன் இக்னியஸ் பாறையைப் போட்டால் இரண்டும் ஏறத்தாழ 52 டிகிரியில் வந்து நிற்கும். அதை எடுத்துவிட்டு இரண்டாவது டன்னைப் போட்டால் குளம் 83 டிகிரியைத் தாண்டும். மூன்றாவது டன்னில் குளமே நீராவியாகிவிடும். நம் உலகில் தண்ணீர் ஆவியாகப் பெரும் வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். இந்த விளையாட்டில் உள்ளுறை வெப்பம் என்பதே கிடையாது, எனவே கொதிப்பதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

சரியான வழி, பாறையின் வெப்பத்தையும் டர்பைனுக்குக் கொடுப்பது. முதலில், பாறை இறுகிய ஓடாகவே இருந்தால் அதைத் தோண்டுங்கள்: தோண்டும்போது நிறையில் பாதி மறைந்துவிடுவதால், வெப்பத்திலும் பாதி செலவின்றிப் போகிறது. பிறகு ஸ்டீலில் கட்டிய ஆட்டோ ஸ்வீப்பரால் துண்டுகளைக் கன்வேயர் ரயிலில் ஏற்றி, நீராவி அறைக்குள் வளைத்து வளைத்து ஓடவிடுங்கள். ஏற்காட்டில் வறுத்த காபிக் கொட்டையைக் குவித்து வைக்காமல் பரப்பி ஆற்றுவதைப் போல, ஒரே குவியலாகக் கிடந்த டன் கணக்கான பாறை ரயிலில் 20 கிலோ பொதிகளாகப் பிரிவதால் வெகுவேகமாக ஆறும். ரயில் உலோக ஓடுகளின் ஊடே சென்றால் இன்னும் வேகம். பாதையின் முடிவில் கன்வேயர் வெப்ப உணரியை வைத்து, 200 டிகிரிக்கு மேல் உள்ள பொதிகள் மீண்டும் உள்ளே திரும்புமாறு அமையுங்கள். ஒரு டன் பாறையை 1400 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறக்க 12 லட்சம் கிலோ டிடியு நீக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடும் ஒரு டர்பைனுக்கு அது இரண்டேகால் சுழற்சி (விளையாட்டின் நாள்) வேலை. எரிமலை சீறும் காலத்தில் வரும் பாறையின் அளவைப் பார்த்து, டர்பைன்களின் எண்ணிக்கையை இந்தக் கணக்கிலிருந்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அந்த நீராவி அறைக்குச் சுவர் எதில் கட்டுவது?

பதில்: செராமிக் கிடைத்தால் அதில் செய்த இன்சுலேட்டட் (வெப்பத்தை எளிதில் கடத்தாத) ஓடு, கிடைக்கும் வரை இக்னியஸ் பாறையில் செய்தது. எரிமலையை ஒட்டிய பக்கத்தில் மட்டும் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் வெற்றிடம் விடுங்கள்; வெற்றிடத்தின் வழியாக இந்த விளையாட்டில் வெப்பம் கடப்பதில்லை. கதவு வைக்கும் இடத்தில் திரவப் பூட்டு (வாயு கடக்காமல் தடுக்கும் சிறு திரவத் தேக்கம்) போடுவதானால், தண்ணீரை விட்டுவிட்டுப் பெட்ரோலியத்தைப் பயன்படுத்துங்கள்.