மயில் தலைகீழா நிக்கக்கூடாது! – தையல் கேள்வி பதில்

(போன இதழ்ல ஆப்பிரிக்கன் பிரிண்ட் துணி பத்தி ரெண்டு வரி போட்டாலும் போட்டேன், இந்த மாசம் வந்த கேள்வியில பாதி அதேதான். அதனால பிளவுஸ் சந்தேகம் எல்லாம் அடுத்த மாசம், கோச்சுக்காதீங்க.)

கேள்வி: அக்கா, எனக்கு தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை நைஜீரியாவுல லாகோஸ்ல வேலை பாக்குறார், லீவுல வந்தப்ப ஆறு கஜம் அங்காராங்கிற ஆப்பிரிக்கன் பிரிண்ட் துணி வாங்கிட்டு வந்து குடுத்தார். பச்சை, மஞ்சள், நடுநடுவுல ஒன்றரை சாண் உயரத்துக்கு மயில் மயிலா நிக்குது. ரிசப்ஷனுக்கு அதுல தரை தொடுற கவுன் தைக்கணும்னு ஆசை. எங்க டெய்லர் அண்ணன் "அம்பர்லா கட்டிங்ல அடிச்சிடலாம்மா, மேல ஆரி வொர்க் போட்டா ரிச்சா இருக்கும்"ங்கிறார். சரியா வருமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வராதும்மா. ரெண்டுமே வராது.

முதல்ல அம்பர்லாவை, அதாவது குடை மாதிரி முழு வட்டமா வெட்டுறதை பாப்போம். ஆறு கஜம்னா கிட்டத்தட்ட அஞ்சரை மீட்டர், நம்ம புடவை நீளம்தான். இந்த துணிக்கு பன்னா, அதாவது அகலம், பெரும்பாலும் 46 இஞ்ச் சுமாருக்கு இருக்கும். இடுப்பு 28, இடுப்புல இருந்து தரைக்கு 40ன்னு வச்சுக்கிட்டா முழு வட்டத்துக்கு ரெண்டு அரை வட்டம் வெட்டணும், அதுக்கே நாலரை மீட்டர் போயிடும், மேல்பாகத்துக்கு ஒரு மீட்டர் மிஞ்சும், கை வைக்கிறதே இழுபறி. சரி, துணி போதும்னே வைங்க, வட்டமா வெட்டினா டிசைன் நேரா நிக்காதே, சுத்தி வர வர சாஞ்சுக்கிட்டே போகும். பூப்போட்ட துணின்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, மயில் அப்படியா, முன்னாடி படுத்துக்கிடக்கும், ஒரு பக்கம் தலைகீழா தொங்கும், போட்டோவுல காலத்துக்கும் அப்படியே நிக்கும்.

பாவாடை பாகத்தை ஆறு துண்டா வெட்டி சேக்குற ஆறு பீஸ் கட்டிங் சொல்லுங்க. உள்பாவாடை தைக்கிற ஆறு பீஸ் இல்ல, அதுல மிச்சம் பிடிக்கிறதுக்காக ஒரு பீஸை நேராவும் அடுத்ததை கவுத்துப்போட்டும் வெட்டுவாங்க, இங்க எல்லா பீஸும் ஒரே திசையில படுக்கணும். துணி கொஞ்சம் கூட செலவாகும், பரவால்ல. கத்திரி எடுக்குறதுக்கு முன்னாடி துணியை தரையில முழுசா விரிச்சுப் போட்டு, முன்பக்கம் நடுவுல எந்த மயில் வரணும்னு நீங்களே போய் நின்னு காட்டிட்டு வாங்க. மயில் தலை நெஞ்சு முனையிலயும் வேணாம், வயித்து மேலயும் வேணாம், பாக்குறவங்க கண்ணு அங்கேயே போய் ஒட்டிக்கும். பாவாடை பாகத்துல முட்டிக்கு மேல ஒரு பெரிய மயில், மேல்பாகத்துல தோகை மட்டும் வர்ற மாதிரி வெட்டினா பிரமாதமா இருக்கும். முதுகுல ஜிப் வர்ற இடத்துல டிசைன் ரெண்டு பக்கமும் சேரணும், டெய்லர் வேலை தெரிஞ்சவரான்னு அங்கதான் தெரியும்.

அடுத்தது அளவு. நம்ம ஊர் பிளவுஸ் டெய்லருங்க உடம்போட ஒட்டி தைச்சே பழக்கப்பட்டவங்க. இது துளி கூட இழுத்துக் குடுக்காத கெட்டி காட்டன், மார்புல மொத்தமா ரெண்டு இஞ்ச் லூஸ் விடலேன்னா மேடையில உக்காந்ததும் மூச்சு முட்டும். அதனால முதல்ல மேல்பாகத்தை மட்டும் காடா துணியில தைச்சு போட்டுப் பாத்துட்டு, திருத்தின அந்த மாதிரியை வச்சு நல்ல துணியை வெட்டச் சொல்லுங்க. காடா என்ன விலை, லாகோஸ் துணி தப்பா வெட்டிட்டா திருப்பி எங்க போய் வாங்குறது? வெட்டுறதுக்கு முன்னாடி துணியை பச்சைத்தண்ணியில அரைமணி நேரம் ஊறவச்சு நிழல்ல காயவச்சு உள்பக்கமா அயர்ன் பண்ணிடுங்க, சுருங்குறது முதல்லயே சுருங்கிடட்டும். கஞ்சி போட்ட விறைப்பு கொஞ்சம் போகும், அதுக்கு மேல்பாகத்துல மட்டும் கேன்வாஸ் ஒட்டிக்கலாம். லைனிங் மல் காட்டன் போடுங்க, கிரேப் போட்டா கால்ல சுத்திக்கும். கீழ் மடிப்பு அளவெடுக்குற அன்னைக்கு கல்யாணத்துக்கு போடப்போற அதே செருப்போட போங்க.

ஆரி வொர்க்கா? ஏற்கனவே அத்தனை கலர் சண்டை போடுற துணி மேல ஜர்தோசி போட்டா அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. அந்த காசை ரெண்டு ட்ரையலுக்கு டெய்லர் அண்ணனுக்கே குடுத்துடுங்க.

கேள்வி: துணியோட போட்டோ பாத்தேன், எங்க வாப்பா கட்டுற பாட்டிக் கைலி மாதிரியே இருக்கே. இதை ஏன் ஆப்பிரிக்கன்னு சொல்றாங்க? ஆன்லைன்ல வாங்கினா ஒரிஜினலான்னு எப்படி பாக்குறது?
– வாசகி, நாகூர்

பதில்: கண்ணு நல்லா வேலை செய்யுதும்மா உங்களுக்கு. ரெண்டும் ஒரே வீட்டு பிள்ளைங்கதான். ஜாவாவுல மெழுகு தடவி கையால சாயம் போடுற பாட்டிக்கை மிஷின்ல செஞ்சு அங்கேயே விக்கலாம்னு 19ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க கிளம்பினாங்க. மிஷின்ல மெழுகுக்கு பதிலா பிசின், அது காஞ்சு விரிசல் விட்ட இடத்துல எல்லாம் சாயம் ஏறி நரம்பு நரம்பா கோடு விழுந்துச்சு. ஜாவாக்காரங்களுக்கு அது பிடிக்கல. மேற்கு ஆப்பிரிக்காவுல, இப்ப கானான்னு சொல்ற கோல்ட் கோஸ்ட் பக்கம், அதே கோட்டை ரசிச்சு வாங்கினாங்க. 1846ல ஆரம்பிச்ச விலிஸ்கோ கம்பெனி நெதர்லாந்துல ஹெல்மண்ட் ஊர்ல இன்னைக்கும் இதே துணியை அச்சடிக்குது. ஆனா எந்த டிசைன் ஓடும், அதுக்கு என்ன பேருங்கிறதை எல்லாம் முடிவு பண்ணது அங்க இருக்கிற சந்தைக்காரம்மாங்கதான். டோகோ நாட்டுல லோமேயில இந்த துணி வித்தே மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கின பொம்பளைங்களுக்கு நானா பென்ஸ்னே பட்டப்பேரு. அப்புறம் ஆப்பிரிக்கன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

மெழுகு வேலை நமக்கும் ஒண்ணும் புதுசு இல்ல. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட கோடாலிக்கருப்பூர்ல தஞ்சாவூர் மராட்டிய அரண்மனைக்குன்னு ஜரிகை நெய்து, மேல மெழுகு வச்சு சாயம் தோய்ச்சு புடவை பண்ணியிருக்காங்க. அந்த புடவை 19ஆம் நூற்றாண்டோட நின்னுபோச்சு, கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு மட்டும் 2021ல புவிசார் குறியீடு கிடைச்சுது.

ஒரிஜினல் பாக்குறது சுலபம். துணியை திருப்பிப் பாருங்க, நிஜ வாக்ஸ் பிரிண்ட்ல, அதாவது மேல சொன்ன மாதிரி பிசின் வச்சு சாயம் ஏத்தின துணியில, ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தமா கலர் இருக்கும். பின்பக்கம் வெளுத்திருந்தா ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச சாதா பிரிண்ட். அதுவும் காட்டன்னா தாராளமா தைக்கலாம், விலைதான் குறைவா குடுக்கணும். ஒரு நூலை உருவி கொளுத்துங்க, பேப்பர் வாசனையோட சாம்பலாச்சுன்னா காட்டன், உருகி மணியா உருண்டுச்சுன்னா பாலியஸ்டர், நாகூர் வெயிலுக்கு அது வேணவே வேணாம்.

கேள்வி: திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பிள்ளைங்க, மருமகளுங்க, பேரப்பசங்க எல்லாரும் ஒரே ஆப்பிரிக்கன் பிரிண்ட்ல போடலாம்னு தம்பி சொல்றான், அம்மா "நாடகக் கம்பெனி மாதிரி இருக்கும்"ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
– வாசகர், திருவாரூர்

பதில்: தம்பி கட்சிதான் நான். நைஜீரியாவுல யொருபாக்காரங்க கல்யாணம், சாவு எதுவா இருந்தாலும் குடும்பமே ஒரே துணி எடுக்கிறது வழக்கம், அசோ எபின்னு சொல்வாங்க. ஆனா துணிதான் ஒண்ணு, தையல் ஆளுக்கு ஒரு தினுசு. நாடகக் கம்பெனி ஆகாம காப்பாத்துறது அதுதான். அண்ணிக்கு நீளப்பாவாடை, தங்கச்சிக்கு ப்ளைன் பட்டுப்புடவையோட பிரிண்ட் பிளவுஸ், ஆம்பளைங்களுக்கு வெள்ளை வேட்டி மேல பிரிண்ட் சட்டை, குட்டிப்பசங்களுக்கு ஃப்ராக்குன்னு பிரிச்சுவிடுங்க. கோயில்ல ஹோமம், கலசாபிஷேகம் எல்லாம் கூறைப்புடவை, வேட்டியோட முடியட்டும், பிரிண்ட் சாயந்திர விருந்துக்குன்னு சொன்னா அம்மாவும் சரின்னுடுவாங்க.

ஆறு கஜத்துல பெரியவங்க அரைக்கை சட்டை ரெண்டும், மிச்சத்துல சின்னப்பிள்ளை ஃப்ராக் ஒண்ணும் வரும். டிசைன் பெருசுன்னா சட்டைக்கு கால் மீட்டர் சேத்துக்கணும், முன்பட்டன் ரெண்டு பக்கமும் பாக்கெட்டும் சேரணுமில்ல. மொத்த துணியையும் ஒரே தடவையில வாங்கிடுங்க, அடுத்த லாட் வந்தா கலர் லேசா மாறும்.

கேள்வி: நான் எடுத்த துணியில கறுப்பு நிறைய இருக்கு, நடுவுல தகைவிலான் குருவி பறக்குது. வரப்போற மாமியார் முகம் சுளிக்கிறாங்க. இந்த டிசைனுக்கெல்லாம் ஏதாவது கெட்ட அர்த்தம் இருக்கா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: கானாவுல கறுப்பும் சிவப்பும் துக்கத்துக்கு போடுற கலர், அதனால மாமியாரை ஒரேயடியா தப்பு சொல்ல முடியாது. அந்த குருவி டிசைன் அங்க ரொம்ப பிரபலம், காசுக்கு றெக்கை இருக்கு, இன்னைக்கு வரும் நாளைக்கு பறந்துடும்னு அர்த்தம் சொல்வாங்க. இதை மாமியார்கிட்ட சொல்லாதீங்க! நிச்சயதார்த்தத்துக்கு வேணாம், ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு போட்டுக்கங்க. இதே மாதிரி கென்யா, தான்சானியா பக்கத்து காங்கா துணின்னா கரையை ஒட்டி சுவாஹிலியில ஒரு வாசகம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரியை குத்திக்காட்டுற வாசகம் கூட உண்டு, என்னன்னு கேட்டுக்கிட்டு அப்புறமா இடுப்புல கட்டுங்க.

கேள்வி: நான் பாபநாசத்துல தையல் கடை வச்சிருக்கேன். இந்த மாதிரி கவுனுக்கு வர்றவங்க லைனிங் பிளவுஸ் கூலியை விட கொஞ்சம் சேத்து குடுத்தா போதும்னு நினைக்கிறாங்க. எப்படி கூலி சொல்றது?
– டெய்லர் தம்பி, பாபநாசம்

பதில்: கவுன்னு மொத்தமா ஒரு ரேட் சொல்லாதீங்க தம்பி, அங்கதான் பேரம் ஆரம்பிக்குது. காடாவுல மாதிரி தைச்சுப் பாக்குறது தனி, டிசைன் பாத்து வெட்டுறது தனி, லைனிங் தனி, ட்ரையல் தனின்னு பில் புக்குல நாலு வரியா எழுதிக் காட்டுங்க. பாதி அட்வான்ஸ் கையில வந்தப்புறம் துணியை தொடுங்க. துணி வாங்கும்போதே அவங்க எதிர்லயே அளந்து, ஓட்டை கறை இருக்கான்னு விரிச்சுப் பாத்து, எத்தனை மீட்டர்னு ரசீதுல எழுதிடுங்க, ஆறு கஜம்னு வாங்கிட்டு வர்றதுல அஞ்சு மீட்டர்தான் இருந்துச்சுன்னா பின்னாடி பழி உங்க மேல வரும். சைடு தையல்ல ஒரு இஞ்ச் துணி உள்ள விடுங்க, கல்யாணத்துக்கு முந்தின வாரம் உடம்பு ஏறாத பொண்ணு நம்ம ஊர்ல இல்ல. மீந்த துண்டை எல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க, மாப்பிள்ளைக்கு பாக்கெட் கர்ச்சீப், வளையல் பை, தலைக்கு பேண்டுன்னு மறுபடி உங்ககிட்டயே தைக்க வருவாங்க, அந்த கூலியை தனியா வாங்குங்க.