அப்பாவின் சி 90: வீட்டில் வைத்தே ஓட வைக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். வயது 26, பாடசாலையில் படிப்பிக்கிறேன். அப்பா 80களில் வாங்கிய ஹொண்டா சி 90 மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் மாட்டுக்கொட்டிலில் நிற்கிறது. 2009இல் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போனோம். மீள்குடியேறி வந்தபோது வளவுக்குள்ளேயே கிடந்தது. அதன்பிறகு அப்பா கொஞ்சக் காலம் ஓடினார், பிறகு நிறுத்திவிட்டார். கிக்கரை மிதித்தால் அசைகிறது, ஆனால் ஸ்டார்ட் வராது. அத்தான் எல்லாவற்றையும் கழற்றி, உரஞ்சி, கறுப்பு பெயின்ற் அடிப்போம் என்கிறார். எனக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டத் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் வைத்துச் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: செய்யலாம் தங்கச்சி. சி 90 போல ஒரு தொடக்கக்காரருக்கு இணங்கி வருகிற இயந்திரம் வேறு இல்லை. ஒரே சிலிண்டர், காற்றால் குளிரும் இயந்திரம், மூன்று கியர், கையால் பிடிக்கும் கிளச் கிடையாது. ஹொண்டா இந்த வகைச் சைக்கிளை 1958இல் தொடங்கி, 2017இல் 10 கோடியாவது வண்டியை உருவாக்கியது. அதனால் இதன் உதிரிப்பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் பக்கத்திலும் இதன் வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

ஆனால் அத்தான் சொன்னதைச் செய்ய வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிய சைக்கிள்கள் பெரும்பாலும் திரும்பப் பூட்டப்படுவதில்லை. உரப்பையில் இரண்டு வருடம் கிடக்கும், அதற்குள் நாலு நட்டு தொலையும், கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் போகும். முழுதாக நிற்கிற சைக்கிளை முழுதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியைத் திறங்கள், துப்புரவாக்குங்கள், பூட்டுங்கள், அப்புறம் அடுத்தது. முதலில் ஓட வேண்டும், அதோடு நிற்கவும் வேண்டும். அழகு கடைசியில்.

செலவு செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. சைக்கிளின் சட்டத்தில் அடித்த செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் தேடிப் பிடியுங்கள். மண்ணையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் தெரியும். கம்பித் தூரிகையோ கிரைண்டரோ அந்த இடத்துக்குக் கிட்டவும் போகக் கூடாது. இரண்டும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு இலக்கத்தைக் கொடுத்து விசாரித்த பிறகே ரயர் வாங்குங்கள். இலக்கம் பொருந்தாத சைக்கிளை எவ்வளவு வடிவாகத் திருத்தினாலும் றோட்டில் நிம்மதியாக ஓட முடியாது.

சரி, இனிக் கொட்டிலுக்கு வாருங்கள். சைக்கிளை வெளியே வெளிச்சத்துக்குத் தள்ளி எடுங்கள். சீற்றுக்கு அடியிலும் மட்காட்டுக்குள்ளும் கை விடும் முன் தடியால் தட்டிப் பாருங்கள். பாம்பு, பூரான், தேள் எல்லாம் இப்படிப்பட்ட இடங்களைத்தான் விரும்பும். பிறகு தகட்டைப் பாருங்கள். சி 90இன் சட்டம் குழாயால் செய்தது இல்லை, தகட்டை அழுத்திச் செய்தது. துரு உள்ளே இருந்து வெளியே வரும். பற்றரி இருக்கும் பெட்டி, பின்சில்லைத் தாங்கும் கை சட்டத்தோடு சேரும் இடம், பின் மட்காட்டின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ உதிர்ந்தாலோ, அந்த இடத்தை வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டாமல் வேறு வேலை தொடங்காதீர்கள். எரிந்த அடையாளமும் தேடுங்கள். இறப்பர் உருகி, பெயின்ற் கொப்புளித்து, ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் அந்தச் சைக்கிள் நெருப்பில் நின்றிருக்கிறது. நெருப்புக் கண்ட அலுமினியத்தையும் ஸ்பிரிங்கையும் நம்பி ஓடக் கூடாது. அப்படியானால் நேர்மையாகச் சொல்கிறேன், அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து அப்பாவிடம் போய் இருங்கள். கடைசியாக எப்போது ஓடியது, ஏன் நிறுத்தினார், புகை வந்ததா, சத்தம் வந்ததா என்று கேளுங்கள். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டினாரா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். வன்னியில் அந்தக் காலத்தில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த ஓட்டம் குடும்பங்களைக் காப்பாற்றியது, ஆனால் இயந்திரத்தில் தடம் விட்டது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங் தேயும். பிஸ்டன் தலையிலும் வால்விலும் சைலன்சரிலும் கரி கெட்டியாகப் படியும். அப்பா ஆம் என்றால், இயந்திரம் ஓடினாலும் ஒருநாள் சிலிண்டர் தலையைத் திறக்க வேண்டிவரும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே அல்ல.

கிக்கர் அசைகிறது என்றீர்கள், நல்ல செய்தி. இயந்திரம் இறுகவில்லை. ஆனாலும் இனி மிதிக்காதீர்கள். பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டு, பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு மேசைக்கரண்டி இயந்திர ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். அடியில் உள்ள போல்ற்றைக் கழற்றிப் பழைய ஒயிலை வடித்துவிடுங்கள். பால்போல வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மெல்லிய ஒயிலை ஊற்றி இன்னொரு முறை அலசி வடியுங்கள். புதிதாக 20டபிள்யூ-40 மோட்டார் சைக்கிள் ஒயில் விடுங்கள். 1 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். காருக்கு விற்கும் ஒயில் வேண்டாம். இதில் கிளச்சும் அதே ஒயிலில் தோய்ந்துதான் வேலை செய்கிறது, கார் ஒயில் சிலவற்றில் கிளச் வழுக்கும். அளவுக் கம்பியைப் பார்க்கும்போது அதைத் திருகி இறுக்காமல், துளையில் வைத்து எடுத்துப் பாருங்கள். பிறகு கையால் கிக்கரை மெதுவாக அமர்த்துங்கள். எங்காவது உரசினால் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு பெற்றோல் இயந்திரம் ஓட மூன்று விடயம் வேண்டும்: அமுக்கம், பொறி, எரிபொருள். இந்த ஒழுங்கிலேயே பாருங்கள். பிளக் துளையைப் பெருவிரலால் இறுக்கி மூடிக்கொண்டு, வேறொருவரைக் கிக்கரை அடிக்கச் சொல்லுங்கள். விரலை அடித்துத் தள்ளினால் அமுக்கம் இருக்கிறது. மெல்லிய மூச்சு மட்டும் வந்தால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வுக்கும் இடைவெளி 0.05 மி.மீ. இருக்க வேண்டும். அளக்க, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கினால் போதும். இயந்திரத்தோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலில் உள்ள ஆங்கில ‘T’ அடையாளம் நேராக வந்து, இரண்டு வால்வும் தளர்ந்திருக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும். நெடுநாள் நின்ற சைக்கிளில் வால்வு துருவால் சரியாக மூடாமல் இருப்பதும் உண்டு, சில நிமிடம் ஓடினால் தானாகவே சரிவரலாம்.

பொறிக்குப் புது பிளக் ஒன்று வாங்குங்கள், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பற்றரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பல்பில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே அளவில் சார்ஜ் ஏற்றிய பற்றரி பூட்டுங்கள். பிளக்கை வயரோடு சேர்த்து இயந்திரத்தின் இரும்பில் படுக்க வைத்து, நிழலில் நின்று கிக்கர் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் பெற்றோல் இருக்கவே கூடாது. நீலப் பொறி வேண்டும். வராவிட்டால், பொறிக்கான மின்னைத் திறந்து மூடும் பொயின்ற்ஸ் உள்ள வண்டியென்றால், அதன் முகத்தில் படிந்திருப்பதை மெல்லிய எமரித் தாளால் எடுத்து, திறக்கும் இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள். அப்படியும் இல்லையா, வயரைத் தேடுங்கள். கொட்டிலில் நின்றதென்றால் எலி கடித்திருக்கும். ஹொண்டாவில் பச்சை வயர் எப்போதும் சட்டத்தோடு சேர்வது, சிவப்பு பற்றரியில் இருந்து வருவது, கறுப்பு திறப்பு போட்டதும் மின் வருவது. இந்த மூன்றையும் தெரிந்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

பெற்றோல் தாங்கி சீற்றுக்கு அடியில் இருக்கிறது. பழைய பெற்றோல் கெட்டு அரக்குப்போல ஒட்டியிருக்கும், அடியில் துரு இருக்கும். தாங்கியைக் கழற்றி, குழாயையும் மூடியையும் எடுத்து, 1 லீற்றர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் சிற்றிக் அமிலத் தூள் கலந்து நிரப்பி ஒரு இரவு விடுங்கள். வினாகிரியாலும் செய்யலாம், ஆனால் இரண்டு நாள் வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலம் ஊற்றாதீர்கள், தகட்டையே தின்னும். அமிலத்தை வெளியே ஊற்றியதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் ஒயில் விட்டுச் சுழற்றிப் பூசுங்கள். இல்லாவிட்டால் சில மணித்தியாலத்தில் திரும்பத் துருப்பிடிக்கும். தாங்கியில் செல் (எறிகணை) சிதறல் ஓட்டை இருந்தால் அடைக்கலாம். ஆனால் பெற்றோல் வாசம் இருக்கும் தாங்கிக்கு வெல்டிங் வைப்பது குண்டுக்குத் தீ வைப்பதுதான். நன்றாகக் கழுவி, பழக்கப்பட்டவரிடமே கொடுங்கள்.

காபரேற்றரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கீழ்க்கிண்ணத்தைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் எடுக்கும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பெற்றோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெற் இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரிய வேண்டும். அடைத்திருந்தால் வயருக்குள் இருக்கும் செப்புக் கம்பியின் ஒரு இழையால் தள்ளுங்கள். இரும்புக் கம்பியோ ஊசியோ துளையைப் பெருப்பித்துவிடும், பிறகு கணக்கில்லாமல் பெற்றோல் குடிக்கும். காற்று ஃபில்டரையும் சைலன்சரின் பின்வாயையும் இதே நாளில் பாருங்கள். நம் பக்கம் குளவி மண்கூடு கட்டுவது இந்த இரண்டு இடத்தில்தான். புகை போக வழியில்லாமல் நின்ற சைக்கிளை, கோளாறு தெரியாமல் இயந்திரம் பிரித்தவர்களும் உண்டு. ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஓட வேண்டாம். வட்டக்கச்சி மண்தூசி உள்ளே போனால் ஒயிலோடு சேர்ந்து எமரியாகவே மாறும்.

பூட்டும்போதும் கழற்றும்போதும் ஒரு கவனம் தேவை. பழைய ஹொண்டாவின் நட்சத்திரத் தலை ஆணிகள் யப்பான் அளவில் செய்தவை. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நுனி முழுதாக உட்காராது, தலை பிய்ந்துவிடும். யப்பான் அளவு நுனி ஒன்று தேடி வாங்குங்கள். இறுகிப்போன ஆணிக்கு மண்ணெண்ணெயும் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து விட்டு ஒரு நாள் பொறுத்திருந்து, சுத்தியலால் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவர் பாவியுங்கள். பழைய யப்பான் சாமானைத் துருப்பிடித்திருக்கிறது என்பதற்காக எறிய வேண்டாம். புதிதாக விற்கும் மலிவுச் சாமானைவிட அது பெரும்பாலும் கூடக் காலம் நிற்கும்.

முதல் ஸ்டார்ட்டை வெளியில் வைத்துச் செய்யுங்கள். 92 ஒக்ரேன் பெற்றோல் போதும். ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேற்றரை முறுக்காமல் சில நிமிடம் மெல்ல ஓட விடுங்கள். முதலில் வெள்ளைப் புகை வந்து குறைந்தால் கவலையில்லை, உள்ளே ஊற்றிய ஒயில் எரிகிறது. சூடேறியும் நீலப்புகை நிற்காவிட்டால் றிங் தேய்ந்திருக்கிறது. அப்போது சிலிண்டரை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடிய பிஸ்டன் போட வேண்டும். அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

றோட்டில் இறங்க முன் பிரேக். இரண்டு சில்லையும் கழற்றி, பிரேக் சூவின் கனம் 2 மி.மீ.க்குக் குறைவென்றால் மாற்றுங்கள். உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ரயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். வெடிப்பு விழுந்த ரயரைக் காசு பார்த்து வைத்திருக்க வேண்டாம். ஏ9 வீதியில் பஸ் பின்னால் வரும்போது ரயர் வெடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சி 90க்கு முன்னும் பின்னும் 2.50-17 அளவு. கேபிள்களையும் செயினையும் மாற்றி, செயினில் ஏறக்குறைய 2 செ.மீ. ஆட்டம் விடுங்கள். பிறகு புகைப் பரிசோதனை, காப்புறுதி, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம். முதல் 200 கிலோமீற்றரில் ஒயிலை மறுபடி மாற்றுங்கள், உள்ளே கிளறிய அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும்.

இனிப் பெயின்ற். கறுப்பு வேண்டாம் என்பது என் விருப்பம். சீற்றுக்கு அடியிலும் காற்பாதுகாப்புத் தகட்டுக்குப் பின்னாலும் வெயில் படாத இடத்தில் அப்பா வாங்கிய நாளின் நிறம் இன்னும் இருக்கும். அந்த நிறத்தையே கலக்கிக் கேளுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் வைத்து அடித்தால் பெயின்ற் காயமுன் தூசி ஒட்டிவிடும். மாரி முடிந்து சோளகம் தொடங்க முன் உள்ள மாசி, பங்குனி மாதங்களில், காற்றெழும்பாத விடியற்காலையில் அடியுங்கள். துருவை வெறும் தகடு தெரியும்வரை எடுத்துவிட்டு அன்றைக்கே ப்ரைமர் பூசுங்கள். ப்ரைமர் மட்டும் அடித்துவிட்டு நாள்கணக்கில் விடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும், மேலே பூசும் நிறத்துக்கு அடியில் துரு திரும்ப எழும்பும்.