"எந்த வரிசையைப் படிக்கணும், டீச்சர்?"

(இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், கணிதத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிப்பவர்.)

கேள்வி: என் மகள் தமிழ் மீடியத்தில் எட்டாவது படிக்கிறாள். கணக்கெல்லாம் புரொஜெக்டரில்தான் என்கிறாள். நோட்டைப் பார்த்தால் பாதி காலி. திரையில் பார்த்தே கணக்கு வந்துவிடுமா?
- வேலந்தாவளம் வாசகி

வராது அக்கா. டீச்சிங் பிராக்டீஸில் ஒரு சறுக்கு சறுக்கித்தான் எனக்கே இது தெரிந்தது.

2018-ல் தொடங்கிய ஹைடெக் திட்டத்தில், எட்டாவது முதல் பிளஸ் டூ வரை கேரளத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் என்று வைத்தார்கள். நான் போன பள்ளியிலும் இருந்தது. ஜியோஜிப்ரா என்ற கணக்கு மென்பொருளில் ஒரு முக்கோணம் போட்டேன். மூலையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180-ஐ விட்டு அசையாது. "இன்னும் இழுங்க டீச்சர்" என்று ஒரே கூச்சல். பின்பெஞ்சில் ஆப்சர்வேஷன் எழுதிக்கொண்டிருந்த எங்கள் கல்லூரி டீச்சர்கூடத் தலையாட்டினார்.

மறுநாள் நோட்டில் முக்கோணம் வரைந்து அளக்கச் சொன்னேன். ஒரு பையனுக்கு 260 வந்தது! கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிர்த் திசையில் ஓடுமல்லவா, 50 இருக்கும் இடத்தில் 130-ம் இருக்கும். அவன் 130-ஐ எழுதிவிட்டான். "எந்த வரிசையைப் படிக்கணும், டீச்சர்?" என்று கேட்டான். முந்தின நாள் எண்ணையெல்லாம் கம்ப்யூட்டரே எழுதிக்கொண்டது. அவன் எதையும் அளக்கவில்லை, நானும் அதைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "நோட்டு மூலையை விடக் குறுகலா, அகலமா? முதலில் கண்ணால் பார்" என்றேன். குறுகல் என்றால் 130 எப்படி வரும்? பிறகு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். நேர்கோடு வந்தது. அதற்கடுத்த நாள்தான் மறுபடி புரொஜெக்டர். அப்போது ஒரு பெண் கேட்டாள்: "அந்த மூலையை எதிர்ப்பக்கக் கோட்டு மேலயே கொண்டுபோய் வச்சா?" இழுத்துப் பார்த்தோம்: 180, 0, 0. இதைக் காகிதத்தில் காட்ட என்னால் முடியாது. அதனால் புரொஜெக்டரைக் குறை சொல்ல மாட்டேன்.

மகளிடம் மார்க்கைக் கேட்காதீர்கள் அக்கா. இன்ஸ்ட்ருமெண்ட் பாக்ஸை எடுத்து ஒரு கோணம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் லெசன் பிளானை ஏஐ-யிடம் எழுதி வாங்குகிறீர்களாமே?
- ஓய்வுபெற்ற ஒரு மாஷ் (ஆசிரியர்), சித்தூர்

ஒரு தடவை வாங்கினேன் மாஷ், மறைக்கவில்லை. மொழி சுத்தமாக இருந்தது. செயல்பாடுகளுக்குப் போட்டிருந்த நிமிடங்களைக் கூட்டினால் 55; பீரியட் 40. கணக்கு டீச்சராகப் போகிறவள் அதைக் கூட்டாமலே எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனதுதான் வெட்கம்.

கேள்வி: யூடியூபில் தேடினால் தமிழ்நாட்டுப் பாடம்தான் வருகிறது. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கலாமா?
- கோவிந்தாபுரம் வாசகர்

தாராளமாக. பாட வரிசை மட்டும் வேறு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொழி ஒன்றாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற டிவி வகுப்புகள் தொடங்கின. நான் பிளஸ் டூ, தம்பி சின்ன வகுப்பு. தமிழ் மீடியம் பாடங்களை யூடியூபில்தான் பார்க்கணும். வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அதனால் டிவியில் வரும் மலையாள வகுப்பைத் தம்பிக்கு நான்தான் தமிழில் சொல்வேன். ஒருநாள் டிவி டீச்சர் 'சதுரம்' வரையச் சொன்னார். நான் அடுக்களையில் இருந்தேன். தம்பி நாலு பக்கமும் சமமாக அழகாக வரைந்துவிட்டான். டீச்சர் நீளம் வேறு, அகலம் வேறு என்று சொல்லிப் பெருக்க ஆரம்பித்ததும் அவனுக்கு அழுகை. மலையாளத்தில் சதுரம் என்றால் நம் செவ்வகம். நம் சதுரம் அவர்களுக்குச் சமசதுரம். இரண்டு மொழியும் பேசுகிற எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்றைக்கும் கணக்கில் அந்த வார்த்தை வந்தால் பேனாவைத் தூக்கிவிட்டுக் கேட்பான்: "அக்கா, இது நம்ம சதுரமா, டிவி சதுரமா?"